ஏழு வீட்டு ரத்தம்

கண்ணில் புரை என்று போன தையல்நாயகிக்கு ஈரலில் கிருமி என்று சொல்லி அனுப்பினார்கள். அறுவைக்கு முன்னால் எல்லோருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனைதான். அதில் ஒன்று வேண்டாத விதமாக வந்துவிட, கண் டாக்டர் அவளை வேறு கட்டடத்துக்கு அனுப்பினார். அங்கே மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். விலா எலும்பின்மேல் ஒரு கருவியை வைத்து டொக் டொக்கென்று தட்டி ஸ்கேன் பார்த்தார்கள். ஐப்பசி அடைமழையில் வயல் வேலையை விட்டுவிட்டு நான்கு தடவை காரைக்காலுக்கு அலைந்த பிறகு, இஃபாத் என்ற டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். தையல்நாயகியின் மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு.

"ஹெபடைட்டிஸ் சி-ன்னு ஒரு வைரஸும்மா. ரத்தத்துல இருக்கு. ஈரலைத்தான் கெடுக்கும், அதுவும் சத்தமே போடாம. உங்க ஈரல்ல தழும்பு நிறைய விழுந்துருக்கு."

"எனக்கு ஒண்ணுமே செய்யலையே டாக்டரம்மா. முந்தாநாளுகூட களை பறிச்சேன்."

"செய்யாது. இருபது முப்பது வருசம் சும்மாவே இருக்கும். முத்திப் போய்த்தான் தெரியும். ஆனா பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு. தினம் ஒண்ணு, எண்பத்திநாலு நாள். நூறு பேர்ல தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல அடியோட போயிரும். அரசாங்கமே குடுக்குது, காசு வேணாம்."

டாக்டரம்மா மேஜையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை மூடியில் போட்டுக் காட்டினாள். தையல்நாயகி குனிந்து பார்த்தாள். முப்பது வருடம் ஒளிந்திருக்கிற ஒன்றை இந்தத் துணுக்கு போய்த் தேடிப் பிடித்து அழிக்கும் என்றால், நம்புவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "இத்தனூண்டா?" என்றாள்.

"இத்தனூண்டுதான். எப்பவாச்சும் உங்களுக்கு ரத்தம் ஏத்தினாங்களா?"

"ஞாபகம் இல்லிங்க."

பக்கத்தில் நின்ற கணவர் தெட்சிணாமூர்த்தி சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். நல்லவேளையாக வாயைத் திறக்கவில்லை.

"சரி, இன்னைக்கே ஆரம்பிச்சுரலாமா?"

"தை பொறக்கட்டும் டாக்டரம்மா. புது அரிசி வூட்டுக்கு வந்துரட்டும். அப்புறம் ஆரம்பிச்சிக்கிறேன்."

"ரெண்டு மூணு மாசம் தள்ளினா நாளைக்கே ஏதாவது ஆயிரும்னு உங்களை பயமுறுத்த மாட்டேன். ஆனா ஏற்கெனவே ரொம்ப வருசம் தள்ளிப்போச்சும்மா. இன்னும் எதுக்காக?"

எதுக்காக என்று சொல்ல முடிந்தால் அவள் சொல்லியிருக்க மாட்டாளா!

திருநள்ளாற்றைத் தாண்டும்வரை பொறுத்திருந்த தெட்சிணாமூர்த்தி, வாய்க்கால் மதகடியில் வண்டியை நிறுத்தினார். "ஏன் பொய் சொன்ன? ரத்தம் ஏத்தினது ஞாபகம் இல்லையா? ஊருக்கே தெரியுமே!"

ஊருக்கே தெரியும் என்பதுதான் அவளுடைய உபத்திரவம்.

இருபத்தேழு வருடத்துக்கு முன், இதேபோல் ஒரு மழைக்காலத்தில் மகள் சிவப்ரியா பிறந்தாள். பிள்ளை நல்லபடியாக வந்துவிட்டது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அவளுடையது ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் அந்த வகை இருப்பில் இல்லை. காரைக்கால்மேட்டில் தங்கையன் என்று ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு அதே வகை என்று யாரோ ஒரு நர்ஸ் சொல்ல, தெட்சிணாமூர்த்தி சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினார். தங்கையன் அப்போதுதான் கடலிலிருந்து ஏறியிருந்தார். யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரக் கைலியோடு சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவர் கையிலிருந்து போனது அவள் கைக்கு வந்தது, அவள் பிழைத்தாள். இந்தக் கிருமிக்கான பரிசோதனை அன்றைக்கு இங்கே கட்டாயமாக இல்லை. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

மீன்பிடிக்கிறவன் ரத்தமா என்று உறவில் முணுமுணுத்தவர்களும் உண்டு. தையல்நாயகி அவர்களுக்கு வாயால் பதில் சொல்லவில்லை. அடுத்த தை மாதம் சம்பா அறுத்து, நெல் அவித்து அரைத்து, முதல் சிப்பம் அரிசியைத் தூக்கிக்கொண்டு காரைக்கால்மேட்டுக்குப் போனாள். அது போகாமல் தன் வீட்டு அடுப்பில் புது அரிசி ஏறக்கூடாது என்று ஒரு வைராக்கியம். வெள்ளத்தில் வயல் முழுகிய வருடம்கூட நாலு படியாவது தேற்றிக் கொண்டுபோனாள். தங்கையன் அவளுக்கு அண்ணன், அவர் மனைவி அல்லி அவளுக்கு அண்ணி. உறவினர்கள் காலப்போக்கில் வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது அந்த ரத்தத்தில் நோய் இருந்தது என்று தெரிந்தால்? "அன்னைக்கே சொன்னோமே!" என்று அத்தனை வாயும் ஒரே நாளில் திறக்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். அண்ணன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நீங்கள் கொடுத்ததில் குறை என்று சொல்ல நாக்கு எழுமா? மாத்திரையைத் தொடங்கினால் நோய் உண்மையாகிவிடும். நோய் உண்மையானால் அது வந்த வழியும் உண்மையாகிவிடும். வயிற்றில் அந்த மாத்திரையை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் அரிசி மூட்டையோடு அவர் வாசலில் நிற்க அவளால் ஆகாது. ஆகவே இந்த ஒரு தையும் பழைய தங்கச்சியாகவே போய்விட்டு வந்துவிடுவோம், மாத்திரை அப்புறம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

தெட்சிணாமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். "அரிசியும் ஈரலும் ஒண்ணாடி? உசுரு இருந்தாத்தானே அரிசி குடுக்குறதுக்கு!" என்று சத்தம் போட்டார். பாண்டிச்சேரியில் வேலை பார்க்கும் மகள் தினமும் போனில் கெஞ்சினாள். இரண்டு பேருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்: தை பிறக்கட்டும்.

கார்த்திகை நடுவில் ஒருநாள் காலை, அல்லி போன் செய்தாள்.

"தங்கச்சி, உங்க வரப்புல கீழாநெல்லி கெடக்குமே. ரெண்டு கொத்து பறிச்சு யாருகிட்டயாச்சும் குடுத்து வுடேன். உங்க அண்ணனுக்குப் பத்து நாளா சோறே எறங்கல. வாயெல்லாம் கசக்குதுங்குறாரு. கண்ணுகூட எனக்கு என்னமோ மஞ்சளா இருக்காப்புலதான் தோணுது."

தையல்நாயகி போனைப் பிடித்தபடியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் அந்த மனிதருடைய மானத்தைப் பற்றியே யோசித்தாள், முகத்தைப் பற்றியே யோசித்தாள். அவருக்கும் ஒரு ஈரல் இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை! தன்னிடம் இருப்பது அவரிடமிருந்து வந்தது என்றால் அவரிடமும் அது இருக்கத்தானே வேண்டும்? அவள் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அவருக்கும் சேர்த்தே தள்ளிப்போட்டிருக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

கைக்குக் கிடைத்த கீழாநெல்லியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, கால் சேற்றைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினாள். அரிசி இல்லாமல் அந்த வீட்டுக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை.

புயல் எச்சரிக்கை சொல்லியிருந்ததால் காரைக்கால்மேட்டில் யாரும் கடலுக்குப் போகவில்லை. படகுகள் எல்லாம் மேலே ஏற்றிக் கிடந்தன. தங்கையன் கூடத்தில் முழங்காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து டிவியில் புயல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது. தோள் இன்னும் இறங்கவில்லை. முகம்தான் வாடியிருந்தது.

"வா தங்கச்சி. இந்த மழையில நீயே வரணுமா? யாருகிட்டயாவது குடுத்து வுடக்கூடாது?"

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணே, எனக்கு ஈரல்ல ஒரு நோவு. ரத்தத்தால வர்றதாம். ரொம்ப வருசத்துக்கு முன்னாடியே வந்துருக்கு. எனக்கு ரத்தம் ஏத்துனது ஒரே தடவைதான்." ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "நீங்களும் ஒரு டெஸ்ட் எடுக்கணும்ணே. கீழாநெல்லி பத்தாது."

அல்லிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்தாள். "என்ன பேச்சு பேசுற? அவரு ரத்தத்துல சீக்குங்குறியா? செத்துக்கிட்டு இருந்தப்ப அந்த ரத்தம்தானே இனிச்சிது ஒனக்கு?"

"அல்லி, சும்மா இரு."

தங்கையன் டிவியை அணைத்தார். அப்புறம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"சுனாமிக்கு மறு வருசம் ரத்ததான முகாம் போட்டாங்க. இத்தனை உசுரு போச்சே, நாலு உசுருக்காவது ஆவட்டும்னு நானும் போய் நின்னேன். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கடுதாசி வந்துச்சு. உங்க ரத்தம் வேணாம், பெரிய ஆஸ்பத்திரில போய்க் காட்டுங்கன்னு. படிச்சேன், கிழிச்சுப் போட்டுட்டேன். இவளுக்குக்கூடச் சொல்லல."

"ஏண்ணே?"

"என்னாத்தச் சொல்றது? தை மாசமானா நீ அரிசியோட வந்து நிப்ப. என் உடம்புல ஓடுறது மாமா ரத்தம்னு உன் பொண்ணுகிட்ட சொல்லுவ. அதையா வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்? மறு வருசம் நீ வராமப் போயிட்டின்னா?"

இவள் மூன்று வாரம் மறைத்ததை அவர் இருபது வருடம் மறைத்திருந்தார். இருவருமே மற்றவர் முகத்துக்குப் பயந்துதான். தையல்நாயகிக்கு அழுவதா, அந்தப் பெரிய மனிதரைப் பிடித்து உலுக்குவதா என்று புரியவில்லை. அவர் நினைப்பு அதற்குள் வேறு எங்கேயோ போய்விட்டிருந்தது.

"சேக் அலாவுதீன் வயிறு வீங்கித்தான் போனாரு" என்றார் மெல்ல. "லாரி மோதி ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான்தான் குடுத்தேன். நீ புள்ள பெத்த அதே வருசம். குடிச்சிருப்பாருன்னு நாலு பேரு பேசுனாங்க. அந்த மனுசன் ஒரு சொட்டு தொட்டதில்ல."

அல்லி தையல்நாயகியின் பக்கத்தில் வந்து நின்றாள். இனி யாருக்கும் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாளே மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். ரத்தம் எடுத்து, முடிவு வருவதற்குப் பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளும் தையல்நாயகி தன் ஈரலை மறந்துபோனாள்.

முடிவு கேட்கத் தெட்சிணாமூர்த்தியும் கூட வந்திருந்தார். இஃபாத் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்திலேயே ஒரு வியப்பு இருந்தது.

"ஐயா, உங்களுக்கு இந்த வைரஸ் வந்திருக்கு. வந்த அடையாளம் ரத்தத்துல இருக்கு. முகாம்ல அதைப் பார்த்துட்டுத்தான் உங்களை வேணாம்னுருக்காங்க. ஆனா இப்ப வைரஸ் இல்லை. ஈரல் சுத்தமா இருக்கு. கண்ணுலயும் மஞ்சள் இல்லை."

"மருந்து ஒண்ணும் திங்கலையே நான்?"

"மருந்தே இல்லாமப் போயிருக்கு. நாலு பேருக்கு வந்தா ஒருத்தருக்கு உடம்பே அதை அடிச்சு விரட்டிரும். அந்த ஒருத்தர் யாருன்னு முன்கூட்டியே சொல்றதுக்கு எங்களுக்கே தெரியாது. வந்து ஆறு மாசம், ஒரு வருசத்துக்குள்ள போயிருக்கும். போறதுக்கு முன்னாடி இவங்களுக்குக் குடுத்திருக்கீங்க, அவ்வளவுதான். சோறு இறங்காதது முழங்கால் வலிக்கு நீங்களா வாங்கித் தின்ன மாத்திரையால. அதை முதல்ல நிறுத்துங்க."

தையல்நாயகி அண்ணன் பக்கம் திரும்பினாள். அந்த உடம்பை அவள் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கறுத்த தோள், படகின் படம் பச்சை குத்திய முன்கை, நரைத்த மார்பு. அதற்குள்ளே ஒரு யுத்தம் நடந்து முடிந்திருக்கிறது. உள்ளே வந்த எதிரியைத் தேடித் தேடி ஒன்று விடாமல் அழித்துவிட்டு, உடையவரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த உடம்பு விடியற்காலையில் வழக்கம்போல் எழுந்து கடலுக்குப் போயிருக்கிறது. அவருக்குக் காய்ச்சலாவது அடித்ததோ இல்லையோ, யார் கண்டது! கோவில் வாசலில் நிற்பதுபோல் அவளுக்குக் கை கூப்பத் தோன்றியது. கூப்பியும்விட்டாள்.

தங்கையன் அழுதார். "குடுத்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். வாங்குனவங்க எல்லாம் இப்படி..."

"அண்ணே, நீங்க குடுக்கலன்னா அன்னைக்கே என்னைத் தூக்கிக் கொண்டுபோயிருப்பாங்க. இருபத்தேழு வருசம் குடுத்திருக்கீங்க. இந்தக் கிருமியும் அதோட சேர்ந்து வந்துருச்சு, போகட்டும்." அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "மாத்திரையைக் குடுங்க. இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

"தை பொறக்கணும்னீங்களே?"

"அது பொறக்குறப்ப பொறக்கட்டும்."

அந்த அறையிலேயே, அல்லி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்ட, முதல் மாத்திரையை விழுங்கினாள். என்னவோ ஆகப்போகிறது என்று நால்வரும் அவளையே பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. தெட்சிணாமூர்த்தி மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இஃபாத்துக்கு இன்னொரு கவலை இருந்தது. "ஐயா, அந்தச் சமயத்துல வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க? எல்லாரையும் பார்க்கணும். ஆனா அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் இப்ப கிடைக்காதே."

தங்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "காகிதம் எதுக்கும்மா? அவங்கதான் வருசா வருசம் வர்றாங்களே."

அவர் ரத்தம் கொடுத்த வீடுகள் ஏழு. எவரும் அவரை மறக்கவில்லை. தையல்நாயகி வீட்டிலிருந்து அரிசி வருவதுபோல், திருநள்ளாற்றில் லாட்ஜ் வைத்திருப்பவர் ஒரு டின் நல்லெண்ணெய் அனுப்புவார். சேக் அலாவுதீன் வீட்டிலிருந்து நோன்புப் பெருநாளைக்குக் கைலியும் வட்டலப்பமும் வரும். அவர் மௌத்தாகி ஆறு வருடமாகியும் அவர் மனைவி ரோஷன் பேகம் அதை நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருகிற கன்னியாஸ்திரி ஒருவர் உண்டு. மண்டபத்தூரில் இருப்பவன் எதுவும் அனுப்ப வசதியில்லாதவன், மகனுக்கே தங்கையன் என்று பெயர் வைத்துவிட்டான். எழுதிவைக்காத ஒரு பெயர் ஜாபிதாவை ஏழு வீடும் சேர்ந்து இத்தனை வருடமாகக் காப்பாற்றி வந்திருந்தன.

"நானே போய்ச் சொல்றேன்" என்றார் தங்கையன். "இருபது வருசம் சொல்லாம இருந்தவன் நான்தானே. வூடு வூடா நானேதான் ஏறி இறங்கணும்."

தை ஐந்தாம் தேதி தையல்நாயகி அரிசிச் சிப்பத்தோடு காரைக்கால்மேட்டுக்குப் போனாள். இருபத்தெட்டு மாத்திரை முடிந்ததும் எடுத்த பரிசோதனையில் வைரஸ் கண்ணில் படவே இல்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். இருபத்தேழு வருடம் உட்கார்ந்திருந்தது ஒரு மாதத்தில் கண்ணில் படாமல் போய்விட்டது! அதற்காக நிறுத்திவிடக் கூடாது, எண்பத்திநாலும் முடிய வேண்டும், அதே நேரத்துக்குப் போட வேண்டும் என்பது கட்டளை. ஆகவே டப்பாவும் பையில் இருந்தது.

வாசலில் வேன் நின்றது. உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்தில் பாய் விரித்து ஆறு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டையில் லாட்ஜ்காரர், அவர் பக்கத்தில் கன்னியாஸ்திரி, சுவரோரம் மண்டபத்தூர்க்காரனும் அவன் மகனும், முக்காட்டோடு ரோஷன் பேகம், இன்னும் இருவர். எல்லோரையும் பரிசோதனைக்குக் கூட்டிப்போகத்தான் வேன். ஒருவரை ஒருவர் அவர்கள் முன்பின் பார்த்ததில்லை. செத்திருக்க வேண்டியவர்கள்! அந்த ஒரு கறுத்த முன்கையிலிருந்து இத்தனை பேர் எழுந்து வந்து, காபி குடித்துக்கொண்டு, ஊர் நிலவரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தால் இந்தக் கூடம் கொள்ளாது. தையல்நாயகி இடுப்பிலிருந்த சிப்பத்தை இறக்கி வைக்கக்கூட மறந்து நின்றாள்.

அல்லி அந்தப் புது அரிசியையே பொங்கி எல்லோருக்கும் இலை போட்டாள். லாட்ஜ்காரருக்குத்தான் பயம் அதிகம். பக்கவிளைவு என்ன, தலை சுற்றுமா என்று அவளைத் துளைத்தெடுத்தார். "முதல் வாரம் லேசாத் தலைவலிச்சுது. அவ்வளவுதாங்க. இருந்தா உடனே ஆரம்பிச்சுருங்க, என்னை மாதிரி நாள் பார்க்காதீங்க. நேரம் மட்டும் தள்ளக் கூடாது" என்றாள்.

அவளுக்கும் நேரமாகிவிட்டது. டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் போட்டாள். பக்கத்து இலையிலிருந்த ரோஷன் பேகம் கையை நீட்டினாள். தையல்நாயகி அதை அவளிடம் கொடுத்தாள்.

கணவருக்கு என்ன நடந்திருக்கும் என்பதைத் தங்கையன் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். வாசற்படியில் நின்றே சொன்னாராம், உள்ளே போக மனம் வரவில்லையாம். "அந்த ரத்தத்தாலதான் அவரு இருபத்தோரு வருசம் இருந்தாரு. ரெண்டு பொண்ணுக்கும் நிக்காஹ் முடிச்சுட்டுத்தான் போனாரு. உள்ள வாங்கண்ணே" என்று அவள் கூப்பிட்டாளாம்.

இப்போது அவள் அந்த மாத்திரையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அவரு மௌத்தான வருசம் இது இருந்துச்சாம்மா?"

தங்கையன் சாம்பாரை ஊற்றாமல் வாளியோடு நின்றார். மாத்திரை வந்து ஏழெட்டு வருடத்துக்கு மேலாகிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பொய் சொல்லி, மறைத்து, தள்ளிப்போட்டு, போதும் போதும் என்றாகியிருந்தது தையல்நாயகிக்கு.

"இருந்துச்சுங்க" என்றாள்.

ரோஷன் பேகம் தலையை ஆட்டிக்கொண்டாள். மாத்திரையைத் தையல்நாயகியின் உள்ளங்கையில் திருப்பி வைத்து, விரல்களைத் தன் கையாலேயே மடக்கிவிட்டாள். தன் தம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"போட்டுக்கம்மா. நேரம் தள்ளக் கூடாதுன்னியே."